காவிரியில் படகு, டென்ட், மீன் சாப்பாடு: எந்த மாதம், எந்த ஊரில் தங்குவது

காவிரிப் பக்கம் பயணம் போடுகிறவர்களில் பலர் முதலில் அறையைப் பிடித்துவிட்டு, அங்கே போய் இறங்கிய பிறகுதான் படகு ஓடுகிறதா என்று விசாரிக்கிறார்கள். ஆகஸ்டில் ஒகேனக்கல் போய், அடைத்த பரிசல் துறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் ஆண்டுதோறும் உண்டு. முதலில் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் மாதத்தைச் சொல்லும். மாதம் தெரிந்தால் ஊர் தானாகத் தெரியும். அறையும் சாப்பாடும் அதற்கப்புறம்.

தலைக்காவிரியிலிருந்து கடல் வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது. ஒரே ஆகஸ்ட் மாதத்தில் குடகில் ரப்பர் படகுக்கு ஏற்ற வேகம் இருக்கும், ஒகேனக்கல்லில் வெள்ளத் தடை இருக்கும், பிச்சாவரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். "காவிரிக்கு எப்போது போகலாம்" என்று பொதுவாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. எந்தப் படகில் ஏற ஆசை என்பதை முடிவு செய்துகொண்டு கேளுங்கள்.

தண்ணீரைப் படிப்பது

ஒகேனக்கல்லுக்கு வரும் நீரைத் தீர்மானிப்பவை கர்நாடகத்தின் இரண்டு அணைகள்: கிருஷ்ணராஜ சாகர், கபினி. முன்னதன் முழு மட்டம் 124.80 அடி. கபினி சிறிய அணை. வயநாட்டு மழை நேராக அதில் இறங்குவதால் பெரும்பாலும் அதுதான் முதலில் நிரம்பும். இரண்டும் நிரம்பாதவரை, குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையை அவை வாங்கி வைத்துக்கொள்ளும். நிரம்பிவிட்டால் பெய்கிற மழை அப்படியே கீழே வரும். அணையில் திறந்த நீர் தமிழக எல்லையான பிலிகுண்டுலுவை எட்ட ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். மத்திய நீர்வள ஆணையம் அங்கேதான் அளவெடுக்கிறது. செய்தித்தாளில் வரும் "ஒகேனக்கல் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி" என்ற வரியை நாள்தோறும் பார்த்துவந்தால் போக்குப் புரிந்துவிடும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர்.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு பார்க்க வேண்டியவை இரண்டு: அணைகள் நிரம்பியிருக்கின்றனவா, இன்று எவ்வளவு திறந்திருக்கிறார்கள். இன்றைய பிலிகுண்டுலு அளவு குறைவாக இருக்கிறது என்று நம்பிக் கிளம்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அது இரண்டு நாளுக்கு முந்தைய நிலவரம். அணைகள் நிரம்பி, குடகில் கனமழை எச்சரிக்கையும் இருந்தால், திரும்பக் கிடைக்காத முன்பணம் எதையும் கட்டாதீர்கள். 2024 ஜூலை கடைசியில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்படி வரும்போது பரிசலோடு அருவிக் குளியலுக்கும் தடை விழும். தண்ணீர் வடிந்த பிறகும் துறையைச் சரிசெய்து திறக்கச் சில நாள் பிடிக்கும்.

ஒகேனக்கல்

பரிசலுக்கு நல்ல காலம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழையில் இடையிடையே நீர் கூடும், ஆனால் ஜூலை, ஆகஸ்ட் போல வாரக்கணக்கில் மூடிக் கிடப்பது அரிது. கோடையில் நீர் குறைந்து பாறைகள் வெளியே தெரியும். பரிசல் ஓடும், வெயில்தான் தாங்காது. காலை பத்து மணிக்குள் சவாரியை முடித்துவிடுங்கள். ஆடிப்பெருக்கு நாளைத் தவிர்ப்பது நல்லது. அன்று கூட்டமும் வெள்ளமும் சேர்ந்தே வரும்.

பரிசல் வட்டமானது, அடித்தளம் தட்டையானது. மூங்கில் பின்னலின் மேல் நீர் புகாத உறை. முன்பக்கம், பின்பக்கம் என்று இல்லாததால் எடை எந்தப் பக்கம் கூடினாலும் அந்தப் பக்கம் சாயும். படம் பிடிக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதும், ஆளுக்கு இடம் மாற எழுந்து நிற்பதும்தான் ஆபத்து. உடல் கனமானவர்கள் எதிரெதிராக, தரையோடு உட்கார வேண்டும். பரிசலைச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். குழந்தைகளுக்குத் தலைசுற்றும், அந்த நேரத்தில் துடுப்பின் பிடி ஓட்டுபவரிடம் முழுதாக இருக்காது.

உயிர்காப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டால் மட்டும் போதாது. எல்லாக் கொக்கியையும் மாட்டிய பிறகு, இன்னொருவர் அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அது காது வரை ஏறினால் அளவு பெரிது. நீரில் விழுந்தால் உடுப்பு மிதக்கும், ஆள் நழுவிவிடுவார். குழந்தைக்குப் பெரியவர் உடுப்பைச் சுருக்கிக் கட்டிவிடுவது துறைகளில் அடிக்கடி நடக்கிறது. சரியான அளவு இல்லையென்றால் குழந்தையை ஏற்றாமல் விடுவதே முறை.

சீட்டு வாங்கும்போதே சவாரி எதுவரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீர்வரத்துக்கு ஏற்பப் பாதையைச் சுருக்குவார்கள், மாற்றுவார்கள். அனுமதித்த இடம் தவிர வேறு எங்கும் ஆற்றில் இறங்கக் கூடாது. பாறைக்கு அடியில் சுழி இருக்கிறது, முதலையும் இருக்கிறது; அங்கே முதலைப் பண்ணை வைத்திருப்பது வெறும் காட்சிக்கு மட்டுமல்ல.

சாப்பாட்டு விஷயத்தில் ஒகேனக்கல் தனி ரகம். மீனை நீங்களே வாங்கி, அங்கே சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்தால் குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். கூலி தனி, எண்ணெய், மசாலா, அரிசி யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். நாலு பேருக்கு ஒன்றரை கிலோ மீன் தாராளம். பாதியைக் குழம்புக்கும் பாதியை வறுவலுக்கும் பிரித்து, தலையைக் குழம்பில் போடச் சொல்லுங்கள். கட்லா, ரோகு துண்டு பெரிதாக வரும், குழம்புக்கு ஏற்றது. முள்ளுக்குப் பயப்படும் பிள்ளைகளுக்குக் கெளுத்தி நல்லது, நடுமுள்ளை எடுத்தால் போதும். வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வேண்டாம். சமையலுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதனால் மீனை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பரிசல் ஏறுவதுதான் சரியான வரிசை. சவாரி முடிந்து பசியோடு வந்து மீன் வாங்க நின்றால் சாப்பிட மூன்று மணி ஆகிவிடும்.

தங்க, நீர் பார்த்த அறை வேண்டுமென்றால் ஒகேனக்கல்லிலேயே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியும் தனியார் விடுதிகளும் உண்டு. சவாரி கிடைப்பது சந்தேகமான மாதங்களில் சுமார் 46 கிலோமீட்டர் தள்ளியுள்ள தருமபுரியில் தங்குங்கள்; தடை வந்தால் திட்டத்தை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் போக முடியும். ஆற்றங்கரையில் சொந்த டென்ட் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சுற்றிலும் காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்கு சரணாலயங்கள். யானை தண்ணீருக்கு இறங்கும் வழியும் அதுதான். மணல்திட்டில் படுத்திருக்கும்போது இரவில் நீர் ஏறினால் எழுந்து ஓட நேரம் இருக்காது.

வெறும் படகுச் சவாரி போதும், கூட்டமும் வேண்டாம் என்பவர்களுக்குப் பூலாம்பட்டி. சேலம் மாவட்டம் எடப்பாடிக்கு அருகில், மறுகரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. கதவணை நீரைத் தேக்கி வைத்திருப்பதால் மட்டம் பெரிதாக ஏறி இறங்காது. ஊர்க்காரர்கள் அக்கரை போகும் விசைப்படகில் நீங்களும் ஏறலாம். அரை நாள் போதும். மதியச் சாப்பாட்டுக்கு மேட்டூர் அணைப் பகுதியின் மீன் கடைகளுக்குப் போய்விடலாம்.

டென்ட்டில் படுக்க ஆசையா? மேலே போங்கள்

காவிரிக் கரையில் சட்டப்படி, பயமில்லாமல் டென்ட்டில் தூங்க நல்ல இடம் கர்நாடகப் பகுதியில்தான் இருக்கிறது. அந்த அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் காவிரி வனவிலங்கு சரணாலயப் பகுதியில் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்களி என்று முகாம்கள் நடத்துகிறது. கித்தான் கூடாரம், உள்ளே கட்டில், ஒட்டிய கழிவறை. கட்டணத்தில் சாப்பாடும் பரிசல் சவாரியும் நடைப்பயணமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். எது சேர்த்தி, எது தனி என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்குங்கள். பெங்களூரிலிருந்து கனகபுரா வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கலிபோரே போக, அர்க்காவதி காவிரியில் கலக்கும் சங்கமத்தைத் தாண்டியபின் மண் சாலை. மழை நாளில் தாழ்வான காரில் போகாதீர்கள். பெட்ரோலும் மருந்தும் கனகபுராவிலேயே வாங்கிவிடுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். ஏப்ரலில் கித்தானுக்குள் பகலில் உட்கார முடியாது. முகாமுக்குள் மதியம் நுழைந்து மறுநாள் காலைச் சிற்றுண்டியோடு வெளியேறும் கணக்கு என்பதால், ஒரு இரவு மட்டும் தங்கினால் ஒரு மாலையும் ஒரு காலையும்தான் கையில் இருக்கும். இரண்டு இரவு போடுங்கள். சாப்பாடு குறித்த நேரத்தில் பொதுப் பந்தியில்; அதைத் தவறவிட்டால் பக்கத்தில் கடை கிடையாது. ருசிக்காக அங்கே போக வேண்டியதில்லை. தூண்டில் ஆசையும் வேண்டாம். காவிரியின் திமில் மகசீர் மீன் அற்றுப்போகும் நிலையில் இருக்கிறது, சரணாலயத்தில் மீன் பிடிக்க அனுமதி இல்லை.

சொந்த டென்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் மேலே, குடகுக்குப் போகலாம். அங்கே காப்பித் தோட்டக்காரர்கள் பலர் தங்கள் நிலத்தில் டென்ட் போட இடம் தருகிறார்கள். குசால்நகரைத் தளமாக வைத்தால், ரப்பர் படகு ஓடும் துபாரே சுமார் அரை மணி நேரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ரப்பர் படகுச் சவாரி. மழை மிஞ்சினால் மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிடும். கோடையில் நீரே இருக்காது, பாறை மேல் நடந்து போகலாம். இங்கேதான் ஒரு முரண் வருகிறது: படகுக்கு நல்ல மாதம் டென்ட்டுக்குக் கெட்ட மாதம். மழைக்காலக் குடகில் தரை ஊறிக் கிடக்கும், அட்டை ஏறும், துணி காயாது. ரப்பர் படகுக்காகப் போகிறீர்களென்றால் விடுதி அறையில் தங்குங்கள். டென்ட்டுக்கென்றால் நவம்பருக்குப் பின் போங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் திணித்தால் இரண்டுமே கெடும்.

தோட்டத்தில் டென்ட் போடும்போது கவனிக்க வேண்டியவை. மூங்கில் புதருக்கும் பட்ட கிளைக்கும் கீழே வேண்டாம். கிளை முறியும், மூங்கிலுக்கு யானை வரும். ஓடைக்கு ஒட்டிப் போட்டால் ஈரக் காற்றில் உள்ளே நீர் கோக்கும். ஐம்பது அறுபது அடியாவது தள்ளி, கொஞ்சம் மேட்டில் போடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் காப்பி பூக்கத் தெளிப்பான் போடுவார்கள். அந்த இரவு எந்தப் பாத்திக்குத் தண்ணீர் என்று தோட்டக்காரரிடம் கேட்காவிட்டால் நள்ளிரவில் செயற்கை மழையில் நனைய நேரும்.

அடியில் விரிக்கும் தார்பாய் டென்ட்டின் அடியைவிட ஒரு சாண் சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் வழிந்து நேராக முதுகுக்குக் கீழே போய்ச் சேரும். டென்ட் ஒழுகுகிறது என்று திட்டுகிறவர்களில் பலருக்கு உண்மையில் நடப்பது இதுதான். இன்னொன்று, மூச்சுக்காற்று: குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடினால் விடியும்போது மேல்துணியில் நீர் சொட்டும். மேலே உள்ள காற்றுவழியைத் திறந்தே வையுங்கள். முளையை டென்ட்டுக்கு எதிர்ப்புறமாகத் தலை சாயும்படி அடிக்க வேண்டும், நேராக அடித்தால் காற்றில் பிடுங்கிக்கொள்ளும். நைலான் துணி நனைந்ததும் தொய்யும், படுக்கப் போகும் முன் கயிறுகளை ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். "3 பேர்" என்று எழுதிய டென்ட் இரண்டு பேருக்கும் பைக்கும் சரி. டிசம்பர், ஜனவரி இரவில் குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். குளிர் அதிகம் ஏறுவது தரையிலிருந்து. இன்னொரு போர்வை சுமப்பதைவிட ஒரு தடித்த ஃபோம் பாய் மேல்.

அடுப்பை டென்ட்டுக்குள் பற்றவைக்கவே கூடாது, மழை பெய்தாலும் சரி. தீயைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் கணக்கு. மிச்சச் சாப்பாட்டை டென்ட்டில் வைத்துத் தூங்காதீர்கள். காட்டுப்பன்றியும் குரங்கும் மோப்பம் பிடித்து வரும், ஜிப்பைத் திறக்கத் தெரியாததால் துணியைக் கிழிக்கும்.

குடகில் சாப்பாட்டை விடுதியிலேயே முடித்துக்கொள்வது பெரிய இழப்பு. கச்சம்புளி என்ற கருநிறப் பழப்புளிச் சாறு சேர்த்த பன்றிக்கறியும், கடம்புட்டு என்ற அரிசி உருண்டையும் ஒன்றாகத்தான் சாப்பிட வேண்டும். பன்றி சாப்பிடாதவர்கள் நூல்புட்டும் (இடியாப்பம்) கோழிக்குழம்பும் கேளுங்கள். மழைக்காலத்தில் மூங்கில் குருத்துக் கறி கிடைக்கும். சந்தையில் குருத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி நீங்களே சமைக்காதீர்கள், முறையாக ஊறவைத்து நீரை மாற்றாவிட்டால் அது நஞ்சு.

பிச்சாவரம்: ஆறு முடியும் இடம்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் இந்த அலையாத்திக் காடு 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. படகுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை அருமை. மழை ஓய்ந்திருக்கும், வலசைப் பறவைகள் மார்ச் தொடக்கம் வரையாவது இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கையைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

துடுப்புப் படகா, மோட்டார் படகா என்பதுதான் இங்கே முக்கியமான முடிவு. மோட்டார் அகலமான நீர்ப்பரப்பில் தூரம் போகும். சுரபுன்னை வேர்கள் இருபுறமும் இறங்கி, கிளைகள் தலைக்கு மேல் கூடும் குறுகிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். இந்தக் காட்டைப் பார்க்கத்தானே வந்தீர்கள், துடுப்புப் படகையே எடுங்கள். சீட்டுக்கான பாதையில் குறுகிய வாய்க்கால் உண்டா என்பதைக் கவுன்டரிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காலை முதல் சவாரிக்கே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்து திறந்த பரப்பு அலைபாயும், துடுப்பு போடுபவருக்கு இரட்டை வேலை. வேர்களைப் பிடித்து இழுக்காதீர்கள், ஒட்டியிருக்கும் சிப்பி கையை அறுக்கும். தில்லை மரத்தை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான்.

இது காப்புக்காடு. டென்ட் போட இடமில்லை, தேடவும் வேண்டாம். தங்குவதற்கு எங்கள் தேர்வு சிதம்பரம், அதுவும் கோயிலைச் சுற்றிய தேர் வீதிகளுக்கு நடந்து போகும் தூரத்தில். ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசன நாட்களில் மட்டும் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். காலைச் சிற்றுண்டியில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு கேளுங்கள். சட்னி சாம்பார் எங்கேயும் கிடைக்கும். மதியத்துக்கு நண்டும் இறாலும். சேற்று நண்டை வாங்கும்போது அடிவயிற்றின் ஓட்டுப் பகுதியை அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் உள்ளே சதை இல்லை. கையில் எடுத்தால் பார்வைக்கு மீறிய கனம் இருக்க வேண்டும். உணவகத்தில் நண்டு சொல்வதென்றால் படகேறும் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீனும் உப்பனாற்று நண்டும் வரும். பெரிய கடல்மீன் குறைவு, விலை அதிகம்.

சில மாதம் குடியிருக்க

ஓய்வு பெற்றவர்களும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் ஆற்றோரத்தில் சில மாதம் இருந்து பார்க்க விரும்புகிறார்கள். ஒகேனக்கல் அதற்கு ஏற்றதல்ல. நல்ல மருத்துவமனைக்கு மலைப்பாதை இறங்கி ஏற வேண்டும். குசால்நகரில் தட்பவெப்பம் இதம், ஆனால் 2018, 2019 ஆகஸ்ட் வெள்ளங்களில் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆறு தெரியும் வீட்டைவிட ஆற்றுக்குப் பத்து நிமிடம் நடக்க வேண்டிய மேட்டு வீடு நல்லது. சிதம்பரம் எல்லா வகையிலும் வசதி: ரயில், மருத்துவக் கல்லூரி, அண்ணாமலை நகரில் வாடகை வீடுகள். வெயிலும் கொசுவும் மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் வீடு பார்த்தால் ஆழ்துளைக் கிணற்று நீரை முதலில் சோதியுங்கள். சோப்பு நுரைக்கவில்லையென்றால் உப்பு. நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; அதில் 500-க்குள் காட்டினால் உப்பளவில் குடிக்க ஏற்றது. 2000-ஐத் தாண்டினால் குளியலறைக் குழாயும் வாட்டர் ஹீட்டரும் சீக்கிரம் அரித்துப்போகும், குடிநீர்க் கேனுக்குத் தனிச் செலவு. சுவரில் முழங்கால் உயரத்தில் புதிதாகப் பூசிய சுண்ணாம்புப் பட்டை தெரிந்தால், வீட்டுக்காரரைவிட எதிர்வீட்டில் விசாரியுங்கள். பார்க்கப் போக ஏற்ற மாதம் நவம்பர். தெருவில் நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நடைமுறையில் கூடுதலாகவே கேட்பார்கள், பேரம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில், இடையில் காலி செய்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற இரண்டு வரிகளும் எழுதியிருந்தால்தான் கையெழுத்துப் போடுங்கள்.